தடைக்காலத்துல இறால் எப்படி வந்துச்சு? அடுக்கு ஏரியா சார்ட் பத்தி ஒரு கேள்வி

ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம் ஊர்லேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, கடல் சரக்கு எடுக்குற கம்பெனியில கணக்கு பாக்குறேன். இறால், கணவாய், நண்டு, மீன்னு நாலு வகை, தேதியோட கிலோ எல்லாம் எக்ஸல்ல இருக்கு. டேப்லோல (Tableau, சார்ட் போடுற சாப்ட்வேர்) ஸ்டாக்டு ஏரியா சார்ட், அதான் ஒவ்வொரு வகையையும் கலர் பட்டையா ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குற சார்ட், போட்டேன், மே மாசத்துலயும் இறால் வந்த மாதிரி காட்டுது. நண்டு வேற பாதியா கொறஞ்ச மாதிரி தெரியுது, ஆனா கொறையல. மொதலாளி திட்டுறாரு. எங்க தப்பு? சதவீதத்துல போடட்டுமா?"

தம்பி, நீ அனுப்புன படத்தைப் பாத்ததும் சிரிப்பு வந்துருச்சு, ஏன்னா ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், 61 நாள் விசைப்படகு எல்லாம் கரையில கட்டிக் கெடக்கு, உன் சார்ட்டுல மட்டும் இறால் மடி நெறைய வந்துக்கிட்டே இருக்கு. சாப்ட்வேர் பொய் சொல்லல. உன் ஷீட்டுல மே மாசத்துக்கு இறால்னு ஒரு வரியே இல்ல, வரலன்னா யாரு எழுதுவா? ஆனா டேப்லோவுக்கு வரி இல்லன்னா அங்க புள்ளியே இல்ல, ஏப்ரல் புள்ளியையும் ஜூன் புள்ளியையும் நேரா கோடு இழுத்து சேத்து நடுவுல கலரை ரொப்பிருச்சு. அவ்வளவுதான் வெவகாரம்.

சரி பண்றது ஈஸி. ஷீட்டுலயே ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் வரி இருக்கணும், சரக்கு வரலன்னா கிலோ எடத்துல 0 போடு, காலியா விடாத. டேப்லோக்குள்ளயே இதைச் செய்ய வழி இருக்கு, ஆனா மூலத்துலயே சரி பண்ணிட்டா நாளைக்கு பவர் பிஐக்கு (Power BI, இதே மாதிரி இன்னொரு சாப்ட்வேர்) மாறுனாலும் எக்ஸல்லயே போட்டாலும் தொந்தரவு இல்ல.

ஏன் மாசம் வேணாம், வாரம்னு சொல்றேன்? தடை மாசத்துப் பாதியில ஆரம்பிச்சு மாசத்துப் பாதியில முடியுது. மாசக் கணக்குல ஏப்ரலும் ஜூனும் அரைகுறையா நிக்கும், மே மட்டும் குழியா தெரியும், அது நெசமான வடிவம் இல்ல. அப்ப நாள் கணக்குல போடலாமேன்னு கேப்ப. போட்டுப் பாரு, ரம்பப் பல்லு மாதிரி வரும். நம்ம பக்கம் விசைப்படகு வாரத்துல மூணு நாளு, நாட்டுப்படகு நாலு நாளுன்னு முறை வெச்சு போறாங்கல்ல, அந்த ஏத்த எறக்கம் எல்லாம் அப்படியே ஏறிடும். வாரமா கூட்டுனா அது அடங்கிரும்.

போடுற முறை: தேதியை காலம்ஸ்ல (Columns) இழுத்து விடு, அதுமேல ரைட் கிளிக் பண்ணா பட்டியல் வரும், அதுல மாசம் ரெண்டு தடவை இருக்கும், மேல ஒண்ணு கீழ ஒண்ணு. மேல உள்ளது எல்லா வருஷத்து மே மாசத்தையும் ஒண்ணா அள்ளிப் போட்டுரும். கீழ வருஷத்தோட இருக்குறதுதான் நமக்கு வேணும், அங்கயே வாரத்தை எடு, பச்சைக் கலருக்கு மாறும். கிலோ ரோஸ்ல (Rows), வகை கலர்ல, மார்க்ஸ்ல ஏரியா. ஒண்ணை ஒண்ணு மறைச்சிச்சுன்னா அனாலிசிஸ் மெனுல ஸ்டாக் மார்க்ஸ் ஆன்ல இருக்கான்னு பாரு.

இப்ப நண்டு கதைக்கு வருவோம், மொதலாளிகிட்ட நீ திட்டு வாங்குனது இதுக்குத்தான். அடுக்கு சார்ட்டுல அடியில இருக்குறவனுக்கு மட்டும்தான் தரை நேரா இருக்கும், மத்தவன் எல்லாம் கீழ இருக்குறவன் தோள்மேல ஏறி நிக்கிறான். உன் படத்துல மீன் அடியில, அதுக்கு மேல நண்டு. சும்மா ஒரு கணக்குக்கு, தடைக்கு முந்தி ஒரு வாரத்துல மீன் 900 கிலோ நண்டு 300, தடைக்குள்ள மீன் 200, நண்டு, தடை இல்லாத நாட்டுப்படகு வள்ளத்துக்காரங்க புண்ணியத்துல, அதே 300ன்னு வை. நண்டோட மேல் வெளும்பு 1200லேர்ந்து 500க்கு சர்ருன்னு எறங்கும். பட்டையோட ஒசரம் அதே 300தான், ஆனா கண்ணு வெளும்பைத்தான் பாக்குது, போதாக்குறைக்கு சரிவுல போற பட்டை நெசத்தைவிட ஒல்லியா வேற தெரியும். மொதலாளி கண்ணுல தப்பே இல்ல.

அதனால எது வருஷம் பூரா சீரா வருதோ அதை அடியில போடு, உன் கம்பெனிக்கு அது நண்டு. லெஜண்டுல, அதான் எந்தக் கலர் எந்த வகைன்னு காட்டுற பட்டியல்ல, பேரைப் பிடிச்சு இழுத்தா அடுக்கு மாறும். நாம சொல்லலன்னா அது அகர வரிசையில அடுக்கிட்டுப் போயிரும், அதுக்கென்ன நண்டும் தெரியாது கணவாயும் தெரியாது. பவர் பிஐல இதுக்கே வரிசை நம்பர் போட்ட ஒரு காலம் (column) சேத்து, சோர்ட் பை காலம்ல (Sort by column) அதைக் காட்டணும்.

சதவீதத்துல போடட்டுமான்னு கடைசியில கேட்டிருந்த. போடலாம், ஆனா பர்சென்ட் ஆஃப் டோட்டல் குடுத்ததும் கம்ப்யூட் யூசிங்ல வகையை எடு, இல்லன்னா வாரத்துக்குள்ள பங்கு வராம வருஷத்துக்குக் குறுக்க பங்கு போட்டுரும். இன்னொண்ணு, தடைக்காலத்துல நண்டு பங்கு எகிறும், கிலோ ஒண்ணும் கூடியிருக்காது, மொதலாளி அதைப் பாத்து ஐஸ் கூடுதலா சொல்லிட்டாருன்னா அதுக்கும் நீதான் திட்டு வாங்கணும். நான் வாங்கியிருக்கேன், வேற ஒரு கம்பெனியில.

கிலோ வெலையை மட்டும் இந்த சார்ட்டுல ஏத்திராத. நண்டு வெலையும் கணவாய் வெலையும் கூட்டி ஒரு உயரம் வந்தா அது எதோட வெலை? வெலைக்கு சாதா கோடு சார்ட் போதும், நாலு கோடு, முடிஞ்சுச்சு. அப்புறம் நீ வெச்சிருக்குறது இலவச டேப்லோ பப்ளிக்னா, அதுல ஏத்துற ஷீட் பொதுவெளிக்குப் போகும், வாங்குன வெலை உள்ள காலம்மை (column) அழிச்சிட்டு ஏத்து.

0 போட்டு வாரமா மாத்துனதும் படத்தை அனுப்பு, கலரைப் பாத்துக்கலாம், இப்ப இருக்குற அந்த ரோஸ் மேல ரோஸ் எனக்கே எது இறால் எது நண்டுன்னு புடிபடல.