கனவில் தைத்த தண்ணீர்

கேள்வி: மூன்று வாரத்துக்கு முன் ஒரு கனவு கண்டேன். பாட்டி வீட்டுக் கிணற்றுக்குள் படியிறங்கிப் போகிறேன். அடியில் அம்மாவின் பழைய தையல் மிஷின், யாரும் மிதிக்காமலே ஓடுகிறது. ஊசிக்கடியில் துணிக்குப் பதிலாகத் தண்ணீர்! மடிப்பு மடிப்பாகத் தைத்துத் தள்ளுகிறது. நான்கு தடவை வரைந்து பார்த்துவிட்டேன். கிணறும் மிஷினும் வருகின்றன, கனவு வரவில்லை. பள்ளிக்கூடத்தோடு ஓவியத்தை விட்டவள் நான். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கனவுக்குப் பலன் கேட்காமல் படம் கேட்டீர்களே, அதற்கே ஒரு நன்றி.

ஒன்று கேட்கிறேன். அந்த நான்கு படங்களிலும் கிணற்றைப் பக்கவாட்டில், பாடப் புத்தகத்தில் போல வெட்டிக் காட்டினீர்களா? அப்படியென்றால் கோளாறு அங்கேதான். கனவில் நீங்கள் வெளியே நின்று பார்க்கவில்லை, படியிறங்கிக்கொண்டிருந்தீர்கள். மிஷினின் மேல்பலகையும் சக்கரத்தின் விளிம்பும்தான் முதலில் கண்ணில் பட்டிருக்கும். கால்மிதி பலகைக்குக் கீழே பாதி மறைந்திருக்கும். எந்தப் படியில் நின்று பார்த்தீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525 ஜூனில் ஒரு புதன்கிழமை இரவு, வானத்திலிருந்து பெருவெள்ளம் கொட்டுவதாகக் கனவு கண்டார். உடம்பெல்லாம் நடுங்க விழித்தவர், காலையில் அதை நீர்வண்ணத்தில் வரைந்து கீழே விவரமும் எழுதிவைத்தார். முதல் தண்ணீர் தனக்கு நான்கு மைல் தள்ளி விழுந்ததாம். பிறகு வந்த தண்ணீர் அவ்வளவு உயரத்திலிருந்து வந்ததால் மெதுவாக விழுவதுபோலத் தெரிந்ததாம். பயந்துபோன மனிதர் தூரத்தையும் வேகத்தையும் எப்படிக் கவனித்திருக்கிறார் பாருங்கள்! படத்தில் புகைமூட்டம், பேய் பிசாசு எதுவும் கிடையாது. வெறும் சமவெளி, அதன்மேல் கறைபோல இறங்கும் நீலம். வியன்னா அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

நீங்களும் அவரைப்போல முதலில் எழுதுங்கள். உங்கள் கனவுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது, மனசு இதற்குள் சில இடங்களைத் தானே நிரப்பியிருக்கும். நிச்சயமாகப் பார்த்ததை மட்டும் எழுதி, தீப்பெட்டி அளவில் நாலைந்து கிறுக்கல் போடுங்கள். அழிரப்பர் வேண்டாம்.

அப்புறம், அம்மாவின் மிஷின் இன்னும் இருந்தால் அதன் எதிரே நின்றுகொண்டே 2பி பென்சிலில் வரையுங்கள். உட்கார்ந்தால் அந்த மேலிருந்து பார்க்கும் கோணம் போய்விடும். தண்ணீருக்கும் ஒரு வழி இருக்கிறது. கஞ்சி போட்ட பருத்திச் சேலை ஒன்றை ஊசிக்கடியில் வைத்து, அது விழும் மடிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கரையும் பூவும் வேண்டாம், மடிப்பு மட்டும் போதும். அதன்மேல் மிக வெளிறிய நீலம் ஒரு பூச்சு. பளபளக்க வேண்டிய இடங்களில் தாளின் வெள்ளையை முதலிலேயே தொடாமல் விட்டுவிடுங்கள். பிறகு வெள்ளை பெயிண்ட் வைத்துச் சரிக்கட்டினால் அந்தத் தெளிவு வராது. சார்ட் பேப்பர் ஈரம் பட்டதும் சுருண்டு மானத்தை வாங்கும். 300 ஜிஎஸ்எம் என்று போட்டிருக்கும் தடித்த நீர்வண்ணத் தாள் ஒன்றே ஒன்று வாங்கினால் போதும். காய்ந்தபின் தையலைக் கறுப்பு மைப்பேனாவால் சின்னச் சின்னக் கோடுகளாக, ஒரே இடைவெளியில் இழுங்கள். தையல் கச்சிதமாக இருந்தால்தான் அது தண்ணீரில் ஓடுவது விசித்திரமாகத் தெரியும்.

நூல் என்ன நிறம் என்று கடிதத்தில் எழுதவில்லையே? நினைவில்லை என்றால் ஊகித்துப் போடாதீர்கள். நூல்கண்டு இருக்கும் இடத்தை வெறுமனே விட்டுவிடுங்கள்.