அம்மாவுக்குத் தெரியாதா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முடித்ததும் இன்டராக்‌ஷன் டிசைன் படிக்க ஆசை, அதாவது ஆப்போ இயந்திரமோ மனிதரோடு எப்படிப் பழக வேண்டும் என்று வடிவமைக்கிற படிப்பு. ஒரு தனியார் கல்லூரியில் முதுகலைக்குக் கேட்கிற பணத்துக்குக் கடன்தான் வாங்க வேண்டும். ஆறு மாச ஆன்லைன் கோர்ஸ் போதும் என்கிறான் நண்பன். எது சரி? எந்த சாஃப்ட்வேர் கற்றுக்கொள்வது? ஏஐ வந்த பிறகு இந்த வேலை இருக்குமா? ஆங்கிலம் எனக்குச் சரளமாக வராது. ஊர் கேட்டால் காசிமேடு என்று சொல்லாமல் பாரிமுனைப் பக்கம் என்று சொல்லிவிடுகிறேன். சொன்னால் பார்வை மாறிவிடுகிறது. வீட்டில் வழிகாட்ட யாரும் இல்லை. அப்பா விசைப்படகுத் தொழிலாளி. அம்மா மீன் விற்கிறார். அவருக்கு போனில் ஒன்றும் தெரியாது, பணம் அனுப்புவதுகூட நான்தான் செய்து தர வேண்டும். ஒரு உணவு டெலிவரி ஆப்பை மாற்றி வரைந்த பக்கங்களை இணைத்திருக்கிறேன். என்னை நீ என்றே எழுதுங்கள்.

க.

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்த வாரத்தில்தான் அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். அவள் போய் மூன்று வருஷமாகிறது, அதுவரை மனசு வரவில்லை. உள்ளே ஒரு வங்கி பாஸ்புக் இருந்தது. அட்டை முழுக்க தேங்காய் எண்ணெய்க் கறை. அந்தக் கறை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அதையே நினைத்துக்கொண்டிருந்தபோது உன் கடிதத்தில் அந்த ஒரு வரியைப் படித்தேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

நீ கேட்டதை முதலில் முடித்துவிடலாம். இப்போதைக்குக் கடன் வாங்காதே. மூன்று வருடப் பட்டம் இருந்தால், எந்தப் பாடமாக இருந்தாலும், டிசைன் முதுகலைக்கான ‘சீட்’ (CEED) நுழைவுத்தேர்வு எழுதலாம். கடைசி வருஷம் படிக்கும்போதே எழுதலாம். அதை நடத்துவது ஐஐடி பம்பாய். அங்கே 1969லிருந்து டிசைன் பள்ளி இருக்கிறது. அகமதாபாத்தில் 1961இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்குத் தனி நுழைவுத்தேர்வு. அதன் பெங்களூரு வளாகத்தில் இன்டராக்‌ஷன் டிசைனே முதுகலைப் படிப்பாக இருக்கிறது. இரண்டையும் எழுதிப் பார்க்காமல் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுபோய் யாரிடமும் நீட்டாதே. சாஃப்ட்வேர் என்றால், திரைகளை வரையப் பயன்படும் ஃபிக்மாவை இலவசமாகவே தொடங்கலாம், ஒரு மாதத்தில் கை பழகிவிடும். ஏஐயைப் பற்றி என்னிடம் கேட்காதே, இருபது வயதில் அந்தப் பயத்தோடு எதையும் கற்க முடியாது. ஆங்கிலம் வேண்டும், கற்றுக்கொள். அதற்காக அழாதே.

பாரிமுனைக் கதையை இன்றோடு நிறுத்து. நான் ராயபுரத்தில் வளர்ந்தவள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டவர்களிடம் நானும் பல வருஷம் வார்த்தையை மென்றிருக்கிறேன். அதனால் எனக்குக் கிடைத்தது ஒன்றும் இல்லை.

இனி அந்த வரி. “அவருக்கு போனில் ஒன்றும் தெரியாது.” இதை யார் உனக்குச் சொன்னது? அம்மாவே சொல்லியிருப்பார், அதுதான் எனக்கு வலிக்கிறது.

என் அம்மாவும் மீன் விற்றவள். ஏலக்காரர் இழுக்கிற இழுப்பில் தொகையைப் பிடித்து, கூடைக்கு எவ்வளவு விழும், ஐஸுக்கு எவ்வளவு, ஆட்டோவுக்கு எவ்வளவு, மதியத்துக்குள் எத்தனை சங்கரா விற்றால் கை கடிக்காது என்று நின்ற இடத்தில் சொல்வாள். செவுளைத் தூக்கிப் பார்த்தால் மீன் கரைக்கு வந்து எவ்வளவு நேரம் என்பது தெரிந்துவிடும். கையெழுத்து மட்டும் வராது.

ஏழெட்டு வருஷம் முன்பு, ஒரு வங்கியில் அவள் பணத்தை எடுக்க ஆதார் சரிபார்ப்புக்குக் கைரேகை வைக்கச் சொன்னார்கள். கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடியும் சிவப்பு. திரையில் ஆங்கிலத்தில் ஏதோ வந்தது, அதை அவளால் படிக்க முடியாது. கவுன்டரில் இருந்தவர் “உன் ரேகை தேஞ்சு போச்சும்மா, நாளைக்கு வா” என்றார். மறுநாளும் அதே. அதற்கடுத்த வாரமும் அதே. ராத்திரி அவள் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு பத்து விரலையும் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையோடுதான் பாஸ்புக்கைத் தொட்டிருக்கிறாள். என்னைப் பார்த்து “நான் எதாச்சும் தப்பா வெக்கிறனாடி?” என்று கேட்டாள்.

நாற்பது வருஷம் ஐஸிலும் உப்பிலும் செதிலிலும் கிடந்த விரல். தேயத்தான் செய்யும். கொத்தனாருக்கும், துணி துவைக்கிறவருக்கும், பாத்திரம் தேய்க்கிறவருக்கும் தேயும். இது அந்த இயந்திரத்தைச் செய்தவர்களுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. பத்து விரல்களில் எது நன்றாகப் பதிகிறது என்று சோதித்துச் சொல்லும் வசதி ஆதார் அமைப்பிலேயே உண்டு. கண்ணின் கருவிழியை வைத்துச் சரிபார்க்கிற வழியும் உண்டு. ஆனால் அம்மாவின் முன்னால் இருந்த திரை இதில் ஒன்றையும் அவளிடம் சொல்லவில்லை. விரல் காய்ந்திருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா, அழுத்தம் போதாதா, வேறு விரல் வைக்கலாமா, ஒன்றும் கிடையாது. சிவப்பு விளக்கு மட்டும். நான்காவது முறை வேறொரு பையன் உட்கார்ந்திருந்தான், உன் வயசுதான் இருக்கும். “ஆயா, இந்த விரல வெய்யி” என்று இடது கை மோதிர விரலைக் காட்டினான். பச்சை விளக்கு வந்தது.

வெளியே வந்து அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? “எனுக்குத் தெரில பாரு, இத்தினி நாளா அவங்களத் தொந்தரவு பண்ணிட்டேன்.”

தம்பி, நீ படிக்கப் போகிற படிப்பு முழுக்க இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. இயந்திரம் தவறும்போது மனிதர் தன்னைத் திட்டிக்கொள்கிறார். அதைப் பார்த்துக் கோபம் வராதவர் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

இந்தத் துறைக்குப் பெயர் வந்த கதையைக் கேள். பில் மாக்ரிட்ஜ் என்று ஒரு பிரிட்டிஷ் வடிவமைப்பாளர். 1982இல் வெளிவந்த கிரிட் காம்பஸ் என்ற மடிக்கணினியின் உடலை உருவாக்கியவர். கீல், மூடி, விசைப்பலகை என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தார். அதைத் திறந்து வேலை செய்ய உட்கார்ந்ததும் கொஞ்ச நேரத்திலேயே பெட்டி மறந்துபோய்விட்டது. திரைக்குள் நடப்பதோடுதான் அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்த உறவையும் யாராவது வடிவமைக்க வேண்டுமே என்று அப்போது பட்டது. முதலில் ‘சாஃப்ட் ஃபேஸ்’ என்று ஒரு பெயர் யோசித்தார், அப்புறம் பில் வெர்ப்ளாங்க் என்பவரோடு பேசி இன்டராக்‌ஷன் டிசைன் என்று வைத்தார். வெர்ப்ளாங்க் மூன்று கேள்வி கேட்பார். எப்படிச் செய்வது? எப்படி உணர்வது? எப்படி அறிவது? அம்மாவின் விரலை வைத்து இதைக் கேட்டுப் பார். செய்தாள், ஆனால் எந்த விரலால் செய்வது என்று யாரும் சொல்லவில்லை. உணர்ந்தது அவமானம். அறிந்தது ஒன்றுமில்லை.

அதே அம்மா ஓட்டுப் போட்டு வரும்போது பார்க்க வேண்டும்! நேராக நடப்பாள். மின்னணு வாக்கு இயந்திரம் குறித்த அரசியல் சண்டைகள் வேறு, அதற்குள் நான் போகவில்லை. அந்தப் பலகையை மட்டும் பார். பெயருக்குப் பக்கத்தில் சின்னம், சின்னத்துக்கு நேராக ஒரு நீல பட்டன். அமுக்கினால் நேராகச் சிவப்பு விளக்கு எரியும், நீளமாக ‘பீப்’ கேட்கும். இப்போது எந்தச் சின்னத்துக்குப் போட்டோம் என்று காட்டும் சீட்டும் 7 விநாடி கண்ணாடிக்குள் தெரிகிறது. இந்த இயந்திரத்தை 1982இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில்தான் முதலில் வைத்துப் பார்த்தார்கள். சின்னம் அதற்கும் முன்னாலேயே, 1951-52 முதல் பொதுத்தேர்தலிலிருந்து இருக்கிறது. படிக்கத் தெரியாதவர்கள் கோடிக்கணக்கில் ஓட்டுப் போட வரப்போகிறார்கள் என்று உட்கார்ந்து யோசித்த யாரோ செய்த வேலை அது. அங்கே அம்மா ஒருநாளும் “எனுக்குத் தெரில” என்று சொன்னதில்லை.

உங்கள் மார்க்கெட்டிலேயே இன்னொன்று இருக்கிறது. யூபிஐயில் பணம் வந்ததும் தமிழில் தொகையைச் சொல்கிற சின்ன டப்பா. கையெல்லாம் செதிலும் ரத்தமுமாக இருக்கிற ஒருத்தி போனைத் தொட முடியாது, அடுத்த ஆளுக்கு மீன் நிறுத்துக்கொண்டிருப்பவள் திரையைப் பார்க்க முடியாது. காது மட்டும் சும்மா இருக்கிறது. அதைப் பார்த்து அந்தக் காதுக்குச் சொல்லிவிட்டார்கள். தினமும் அதைத் தாண்டிப் போகிற நீ, எனக்கு அனுப்பியது பர்கர் ஆப்பின் ஊதா நிறப் பட்டன்களை.

அந்தப் பக்கங்களைப் பார்த்தேன். கை நன்றாக இருக்கிறது, இடைவெளி விடத் தெரிகிறது, எழுத்தின் அளவு சரி. அவற்றில் ஒரு மனிதர்கூட இல்லை. யாருக்கு என்ன கஷ்டம் என்று நீ எதற்காக இதை மாற்றினாய்? எல்லா மாணவர்களும் அதே ஆப்பைத்தான் மாற்றி வரைகிறார்கள். நீ நிற்காத வரிசைக்கு ஏன் தீர்வு வரைகிறாய்? ரேஷன் கடையில் நின்றிருக்கிறாய். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தபோது, டிக்கெட் இயந்திரத்தின் முன்னால் திகைத்து நின்ற பெரியவர்களை நீ பார்த்திருப்பாய். பின்னால் நின்ற கூட்டத்துக்குப் பயந்து கவுன்டருக்குத் திரும்பிப் போனவர்கள் அவர்கள். அதை ஏன் வரையவில்லை?

நல்ல கல்லூரியில் காசு கொடுத்து வாங்க வேண்டியது இதைத்தான். வரைந்ததைச் சுவரில் ஒட்டி, பத்துப் பேர் முன்னால் ஒருவர் அதைக் கிழிக்கக் கிழிக்க, மறுபடியும் போய் மனிதர்களைப் பார்த்துவிட்டு வரும் பழக்கம். ஆறு மாச கோர்ஸில் அது அனேகமாகக் கிடைக்காது. கிடைக்கிற இடத்தில் சேர். அதுவரை வீட்டிலேயே தொடங்கு.

ஒன்றை மனிதர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்க்கிற பயன்பாட்டுச் சோதனைக்கு ஐந்து பேரைப் பார்த்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துவிடும் என்பார் இந்தத் துறை நிபுணர் யாகோப் நீல்சன். உனக்கு முதல் ஆள் வீட்டில் இருக்கிறார். நாளை அம்மா வியாபாரம் முடித்து, குளித்து, டீ குடித்துவிட்டு உட்கார்ந்ததும் போனைக் கையில் கொடு. ஐஸ் கடைக்கு நூறு ரூபாய் அனுப்பச் சொல். நீ பக்கத்தில் உட்கார், கையைக் கட்டிக்கொள், வாயைத் திறக்காதே. அவர் உன்னைத் திரும்பிப் பார்ப்பார். அப்போதும் பிடுங்காதே. “தப்பா போட்டுட்டனா” என்று கேட்டால், “இல்லம்மா, இதுதான் சரியா சொல்லல” என்று சொல்.

அப்புறம் எனக்கு எழுது. அந்த ஆப்பை எப்படி மாற்றலாம் என்பதெல்லாம் வேண்டாம். அம்மாவின் விரல் எந்தத் திரையில், எந்த இடத்துக்கு மேலே, எவ்வளவு நேரம் நின்றது என்று மட்டும் எழுது.