நெய்தல் அணித் தலைவிக்கு எத்தனை மணிக்குப் பஸ்?

கேள்வி: அம்மா, நாங்கள் பென்னாகரம் பக்கம். என் மகள் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். இலக்கிய மன்றச் செயலாளர், ஜே.ஆர்.சி. (இளம் செஞ்சிலுவைச் சங்கம்), மரம் வளர்க்கிற பசுமைப் படை, மகிழ் முற்றத்தில் நெய்தல் அணித் தலைவி என்று நாலு பொறுப்பு. போதாததற்குக் கலைத் திருவிழாவுக்குக் கும்மி வேறு ஆடினாள். நாலரை பஸ்ஸை விட்டுவிட்டு ஆறரை பஸ்ஸில் வருகிறாள். கணக்கில் காலாண்டில் 81 வாங்கியவள் அரையாண்டில் 58. அவள் அப்பாவுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. "எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லு, படிச்சா போதும்" என்கிறார் போனில். மாமியார், "இருட்டுல வர்ற பொண்ணைப் பத்தி ஊரு பேசும். பத்தாவதோட நிறுத்தி மாமன் மகனுக்குக் கட்டி வெச்சிடலாம்" என்கிறார். நிறுத்தச் சொன்னதற்குப் பாப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் ஐந்தாவதுதான் படித்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?
- ஒரு தாய், பென்னாகரம் வட்டம்

பதில்: தங்கச்சி, முதலில் உங்கள் மாமியார் சொன்னதை முடித்துவிடுவோம். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. 18 வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நடத்தி வைத்தவர்களுக்கு 2 வருஷம் வரை ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு யார் வேண்டுமானாலும் ஒரு போன் போடலாம், பக்கத்து வீட்டுக்காரர் உட்பட. மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். "கேஸ் ஆயிடும் அத்தை, உங்க பையன்தான் ஸ்டேஷனுக்கு அலையணும்" என்று மட்டும் சொல்லுங்கள். கூடவே, அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வருகிறது என்பதையும் காதில் போட்டு வையுங்கள். சட்டம் ஏறாத காதில் அந்த ஆயிரம் ஏறலாம்.

இனி பாப்பாவின் விஷயம்.

நான் தமிழாசிரியை. இந்தத் தருமபுரி மாவட்டத்தில்தான் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அதனால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆரம்பிக்கிறேன். பள்ளிக்கு ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தெரிந்தால், முதல் நாள் சாயங்காலம் மன்றப் பதிவேடுகளைத் தூசி தட்டி எடுப்போம். ஆறு மாதமாகக் கூட்டமே நடந்திருக்காது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிற ஒரு பெண்ணை உட்காரவைத்து, "தலைமை உரை, சிறப்புரை, நன்றியுரையுடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது" என்று நடக்காத கூட்டங்களுக்கெல்லாம் அறிக்கை எழுத வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளையும் 'செயலாளர்'தான். அவளும் கடைசிப் பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனாள்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. உங்கள் மகளுக்கு நாலு பொறுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்து, சுறுசுறுப்பான, எதிர்த்துப் பேசாத பெண் ஒருத்தி வகுப்பில் இருந்தால் எல்லா ஆசிரியர்களின் விரலும் அவளைத்தான் காட்டும். ஜே.ஆர்.சி.க்கு ஒரு பெயர் வேண்டுமா, அவள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமா, அவள். ஆகவே நாலில் எது பொறுப்பு, எது வெறும் பெயர், எது எடுபிடி வேலை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பாப்பாவிடம் இப்படிக் கேளுங்கள்: "போன மாசம் ஜே.ஆர்.சி.யில நீ என்ன செஞ்ச?" முதலுதவி கற்றுக்கொண்டேன், கட்டுப் போடத் தெரியும் என்றால் சரி. அந்த அமைப்பு உடல்நலம், சேவை, நட்பு என்று மூன்றைத்தான் சொல்லித் தருகிறது. "விழாவுல வாசல்ல நின்னு பன்னீர் தெளிச்சேன், சாருக்கு டீ வாங்கிட்டு வந்தேன்" என்றால் அதை விட்டுவிடலாம். 'சர்ட்டிபிகேட் வருமே' என்று யாராவது சொல்வார்கள். ஜே.ஆர்.சி.யில் இருந்ததற்காகப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஒரு மதிப்பெண்கூட ஏறாது. பசுமைப் படைக்கும் இதே கேள்விதான். 2001இல் தொடங்கிய நல்ல திட்டம் அது. ஆனால் பல பள்ளிகளில் ஜூன் மாதம் நட்ட கன்றை அடுத்த ஜூனில் அதே குழியில் திரும்ப நடுவார்கள்.

மகிழ் முற்றம் எங்கள் காலத்தில் இல்லை, 2024இல் வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகளை ஐந்து அணியாகப் பிரிக்கிறார்கள். சுற்றிலும் மலையாக இருக்கிற ஊரில், அநேகமாகக் கடலையே பார்த்திராத பிள்ளை நெய்தல் அணித் தலைவி! படித்ததும் சிரித்துவிட்டேன். இந்தப் பொறுப்பு பள்ளி நேரத்திலேயே முடிகிற வேலை. அதற்கு ஆறரை பஸ் தேவையில்லை, விட்டுவைக்கலாம்.

இலக்கிய மன்றத்துக்கு வருகிறேன். இதில் நான் ஒரு பக்கம் சாய்ந்தவள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் என் வகுப்பில் ஒரு பெண். நம் மாவட்டத்துத் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பல் உருவாகிற வயதில் ஃப்ளோரைடு மிகுந்த கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவள், முன்பற்களெல்லாம் பழுப்புக் கோடு. 2013இல்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது, அவளுக்கு அது இருபது வருஷம் தாமதம். வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசுவாள், சிரிக்கவே மாட்டாள். மன்றக் கூட்டத்தில் பேச ஆள் இல்லை என்று ஒருநாள் அவளை மேடையேற்றினேன். ஒரு கையில் மைக், இன்னொரு கையில் பேப்பர். வாயை மூடக் கை மிச்சமில்லை. மூன்று நிமிஷம் பேசினாள். பேச்சு என்னவோ சுமார்தான், வழக்கம்போல அதியமானும் நெல்லிக்கனியும். (இந்த மாவட்டத்தில் எந்தப் பேச்சுப் போட்டி வைத்தாலும் அந்த நெல்லிக்கனி வராமல் போகாது, பாப்பாரப்பட்டியில் மறைந்த சுப்பிரமணிய சிவாவை ஒரு பிள்ளைகூடத் தொடாது.) இறங்கிவந்து தன் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் கை ஞாபகம் வந்து வாய்க்குப் போனது. அடுத்த மாதம் அவளே வந்து, "டீச்சர், பேர் குடுத்துக்கட்டுமா?" என்றாள்.

உங்கள் பாப்பா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தது எதற்காக என்று கேட்டீர்களா? நாலுக்காகவும் இருக்காது. ஏதோ ஒன்றுக்காகத்தான் இருக்கும். அது எது என்று அவள் வாயால் வரட்டும். நான் இலக்கிய மன்றம் என்பேன், அவள் கும்மி என்றால் கும்மிதான். அந்த ஒன்று இருக்கட்டும், பள்ளி நேரத்தோடு முடிகிற அணித் தலைவி வேலையும் இருக்கட்டும். மற்றவற்றை அவள் விட்டுவிடுவதாக நீங்களே பள்ளிக்குப் போய்ச் சொல்லுங்கள். பிள்ளை போய்ச் சொன்னால், "என்னம்மா, நீயே இப்படிச் சொன்னா எப்படி?" என்று ஒரே வார்த்தையில் மடக்கிவிடுவார்கள். நாங்கள் அதில் கெட்டிக்காரர்கள்.

கணக்கு 81இலிருந்து 58 ஆனதற்கு மன்றங்களைக் குறை சொல்வதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். இதற்கு ஐந்தாவது படிப்பே தாராளம். அவளுடைய கணக்கு நோட்டைத் திறந்து தேதிகளை மட்டும் பாருங்கள். அக்டோபர், நவம்பரில் எந்தெந்தத் தேதி இல்லை? கலைத் திருவிழா பள்ளி, வட்டாரம், மாவட்டம் என்று படிப்படியாகப் போகும். ஒத்திகை, போட்டி என்று வகுப்பு போயிருக்கும். ஆயத்தொலை வடிவியலில் நாலு வகுப்பு விட்டால் ஐந்தாவது வகுப்பில் கரும்பலகை வெறும் கோடாகத்தான் தெரியும். விட்டுப்போன தேதிகளை ஒரு துண்டுச் சீட்டில் குறித்து, கணக்கு ஆசிரியரிடம் காட்டி, "இந்தப் பாடங்களை மட்டும் ஒரு தடவை சொல்லிக் கொடுங்க" என்று கேளுங்கள். 'நல்லாப் பார்த்துக்கோங்க சார்' என்று பொதுவாகச் சொல்கிற பெற்றோரை நாங்கள் மறந்துவிடுவோம். சீட்டோடு வருகிறவரை மறக்க முடியாது. நோட்டில் எந்தத் தேதியும் விடுபடவில்லை என்றால் காரணம் வேறு. அப்போது மன்றத்தை நிறுத்தினாலும் மதிப்பெண் ஏறாது.

அடுத்த வருஷம் பத்தாவது. அரையாண்டு வரை அந்த ஒன்று இருக்கட்டும். பொங்கல் கழிந்து திருப்புதல் தேர்வுகள் தொடங்கினால் அதையும் நிறுத்திவிடச் சொல்லுங்கள். இதில் நான் கறார். பதினொன்றாவது போனால் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது, 7 நாள் முகாம் இருக்கிறது. எதுவும் ஓடிப்போய்விடாது.

பஸ்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஊர் பேசுவதற்காகச் சொல்லவில்லை. டிசம்பரில் ஆறரை பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு பிள்ளை தனியாக நடப்பது எனக்கும் பிடிக்கவில்லை. மன்றக் கூட்டத்தைக் கடைசிப் பாடவேளையில் வைத்தால் நாலரைக்கே கிளம்பலாம். இதை யார் கேட்பது? அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். படிப்புத் தகுதி எதுவும் கேட்கமாட்டார்கள். அடுத்த முறை குழுவை மாற்றி அமைக்கும்போது நீங்கள் பெயர் கொடுங்கள். அதுவரை, இப்போது உறுப்பினராக இருக்கிற அம்மா ஒருவரைப் பிடித்து இதைக் கூட்டத்தில் பேசச் சொல்லுங்கள். பஸ் நேரத்தையே மாற்றக் கேட்பதானால் நாலைந்து தாய்மார் சேர்ந்து ஒரு திங்கட்கிழமை தருமபுரி கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாளுக்குப் போய் மனுக் கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள், மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

கடைசியாகப் பாப்பாவின் அப்பா. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சாரத்தில் நின்று செங்கல் அடுக்குகிற மனிதர், தன் பிள்ளைக்குத் தன் வேலை வேண்டாம் என்று நினைக்கிறார். 'நிறுத்து' என்பதற்கு அவர் அகராதியில் அதுதான் அர்த்தம். அவருக்குக் காலாண்டும் அரையாண்டும் தெரியும், நீங்கள் போனில் சொல்கிறீர்கள். மகள் எப்படிப் பேசுவாள் என்று அவர் ஒருநாளாவது கேட்டிருக்கிறாரா? நீங்கள் நடுவில் நின்று இருவருக்கும் தூது போவதை நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிடும்போது, "பாப்பா ஏதோ பேசணுமாம்" என்று போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் முன்னால் வையுங்கள். மன்றத்தில் பேசியதையே அவள் அப்பாவுக்குப் பேசட்டும். நீங்கள் அடுப்படிக்குப் போய்விடுங்கள். மாமியார் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தால் இருக்கட்டும், எழுப்ப வேண்டாம்.