பாகு ஏன் இளகுகிறது என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன படிப்பு?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மகளுக்கு மேலே என்ன படிப்பு என்று என்னிடம் யோசனை கேட்க, அவளைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டியிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்தபோது நிதானமாகப் பேச முடியவில்லை. வெளியே வேறு பிள்ளைகள் காத்திருந்தார்கள். கிளம்பும்போது நீங்கள் சொன்னது மட்டும் மனசிலேயே நிற்கிறது. "பாகு காய்ச்சுத வேலை என்னோட போகட்டும்னுதான் இவளப் படிக்க வைக்கேன். இவ என்னடான்னா பாகையே படிக்கணும்னு சொல்லுதா." அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மகள் என்னிடம் கேட்ட கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். சித்திரையில் போட்ட கடலை மிட்டாய் மொறுமொறுவென்று நிற்கிறது. ஐப்பசி மழையில் போட்டது கடைக்குப் போய்ச் சேருமுன் இளகித் திரும்பி வருகிறது. அதே வெல்லம், அதே கடலை, அதே மாஸ்டர். "மழைக்காலம், அப்படித்தான் இருக்கும்" என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். "பாக்கெட்டைத்தான் ஒட்டியாச்சே, மழை எப்படி உள்ளே போகும்?" என்று அவள் திருப்பிக் கேட்டிருக்கிறாள். பத்தாம் வகுப்புப் பிள்ளையிடமிருந்து இப்படி ஒரு கேள்வி எனக்கு அடிக்கடி வருவதில்லை.

பதில் இதுதான். சீனி என்பது குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்ற இரண்டு சர்க்கரைகள் கைகோத்து நிற்கும் மூலக்கூறு. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அந்தக் கை விட்டுப்போகும். கரும்புச்சாறு இயல்பாகவே கொஞ்சம் புளிப்பு உள்ளது. அதைக் காய்ச்சி வெல்லம் ஆக்கும்போதே ஒரு பங்கு பிரிந்துவிடுகிறது. பிரிந்த ஃப்ரக்டோஸுக்குத் தண்ணீர் மேல் பெரிய ஆசை; காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் வெள்ளைச் சீனிப் பாகை விட வெல்லப் பாகு சீக்கிரம் பிசுபிசுக்கிறது. பாக்கெட்டுக்குள் மழை போகவில்லை, அண்ணாச்சி. மேசையில் பரப்பி, வில்லை போட்டு, ஆறவிட்ட நேரத்திலேயே மிட்டாய் ஈரத்தைக் குடித்துவிட்டது. மெல்லிய பாலிதீன் என்றால் அதற்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும்.

இன்னொரு காரணம் அடுப்படியில் இருக்கலாம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சீனி கரைந்த தண்ணீர் அதற்கு மேல்தான் கொதிக்கும்; தண்ணீர் வற்ற வற்ற கொதிநிலை ஏறிக்கொண்டே போகும். ஆகவே பாகின் சூட்டை அளந்தால் அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். உருட்டுப் பதத்தில், அதாவது சுமார் 115 டிகிரியில், சீனிப் பாகில் நூற்றுக்கு 15 பங்கு தண்ணீர் இருக்கும். 150 டிகிரியைத் தொட்டால் ஏறக்குறைய ஒரே ஒரு பங்கு. வெல்லத்தில் மற்ற சரக்குகளும் கலந்திருப்பதால் கணக்கு கொஞ்சம் மாறும், சீக்கிரம் கருகவும் செய்யும். உங்கள் சரக்கு மாஸ்டர் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, எடுத்து ஒடித்து, அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டுக் கொப்பரையை இறக்குகிறாரே, அவர் காதில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கிறது. நான் நேரில் பார்த்து வியந்திருக்கிறேன். ஆனால் அவர் காதை மகளுக்கு எழுதி வைக்க முடியாது. டிகிரியை எழுதி வைக்கலாம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாகு என்றால் கரண்டி பிடிக்கிற வேலை, வேதியியல் என்றால் கண்ணாடிக் குடுவை என்று நீங்கள் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறீர்கள். நம்ம நெல்லைச் சீமையில் அப்படிப் பிரிக்கவே முடியாது. உடன்குடிப் பக்கம் பனையேறி கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுகிறார். தடவாவிட்டால் ஈஸ்ட் புகுந்து சர்க்கரையைச் சாராயமாக்கிக் கள்ளாகிவிடும். தடவினால் சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்ட் வேலை செய்யாது, பதநீர் கிடைக்கும். அதே பதநீரைக் காய்ச்சி, கிண்டி, சிரட்டையில் ஊற்றினால் பொடிப்பொடிப் படிகமாக உறைந்து கருப்பட்டி. கிண்டாமல், நூல் கட்டி, வாரக்கணக்கில் அசையாமல் விட்டுவைத்தால் ஒவ்வொரு படிகமும் நிதானமாக வளர்ந்து பனங்கற்கண்டு. திருநெல்வேலி அல்வாவில் கோதுமைப்பாலின் மாவுச்சத்து சீனியையும் நெய்யையும் பிடித்து நிறுத்தி, மணல் மணலாகப் போகவிடாமல் வழுவழுவென்று வைத்திருக்கிறது. உங்கள் கடலை மிட்டாய் இன்னொரு வகை. அதில் சர்க்கரை படிகமாக அடுக்கப்பட நேரமே இல்லாமல் சட்டென்று இறுகிவிடுகிறது. ஜன்னல் கண்ணாடி இறுகுவதும் அப்படித்தான்.

ஒரே சர்க்கரைக்கு இத்தனை பிழைப்பு. இதற்குள் ஒரு பிள்ளை ஆயுள் முழுக்கப் படிக்கலாம்.

சரி, படித்தால் வேலை கிடைக்குமா? அதுதானே உங்கள் கவலை. இங்கே ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெறும் பி.எஸ்சி. வேதியியலோடு நின்றுவிட்டால் கஷ்டம். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பையனுக்கு நான் அரைகுறையாக வழி சொல்லிவிட்டேன். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேலைக்குப் போக ஆசைப்பட்டான். வேதியியல் எடு என்றேன். பட்டம் வாங்கி, அறிவிப்பு வந்து, விண்ணப்பிக்கப் போனபோதுதான் தெரிந்தது, விதிப்படி உணவுத் தொழில்நுட்பம், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களில் இளநிலைப் பட்டம் போதும். வேதியியல் என்றால் முதுநிலைப் பட்டம் வேண்டும். இரண்டு வருஷம் அவனுக்கு வீணாகப் போனது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு யாருக்கும் விதியைப் படித்துப் பார்க்காமல் நான் வழி சொல்வதில்லை.

ஆகவே இப்போதைய முடிவு பதினோராம் வகுப்பில் எந்த குரூப் என்பதுதான். பயோ-மேத்ஸ் எடுக்கச் சொல்லுங்கள். கணக்கு கஷ்டம், ப்யூர் சயின்ஸ் போகிறேன் என்று அவள் சொன்னதைக் கவனித்தேன். அங்கேதான் ஒரு கதவு மூடும். தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிலையம் இருக்கிறது. பழைய நெல் பதன ஆராய்ச்சி மையம்தான் வளர்ந்து இப்படி ஆகியிருக்கிறது. அங்கே பி.டெக். உணவுத் தொழில்நுட்பம் சேர ஜேஇஇ மெயின் என்ற நுழைவுத்தேர்வு எழுத வேண்டும்; கணக்கு இல்லாமல் முடியாது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலும் அதே படிப்பு உண்டு. அங்கே பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இடம் தருகிறார்கள். என் கணிப்பில் உங்கள் மகளுக்கு இந்த இரண்டுதான் முதல் குறி.

அது கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் பக்கத்திலேயே, பாளையங்கோட்டையிலோ தூத்துக்குடியிலோ, நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படிக்கட்டும். ஆனால் சேரும் அன்றைக்கே எம்.எஸ்சி. வரை ஐந்து வருஷம் என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அபிஷேகப்பட்டியில்தான் இருக்கிறது. மைசூரில் 1950-ல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் எம்.எஸ்சி. உணவுத் தொழில்நுட்பம் இருக்கிறது. இடம் குறைவு, போட்டி கடுமை, கிடைத்தால் பொன். கான்பூரில் சர்க்கரைக்கென்றே ஒரு தேசிய நிலையம் உண்டு. சர்க்கரை ஆலை வேலைக்கு அது நல்ல வழி. ஆனால் நம் மாநிலத்தில் ஆலைகள் பல மூடிக் கிடக்கும் நிலையில் அதை நான் முதலில் சொல்ல மாட்டேன்.

முடித்தபின் எங்கே வேலை? உணவுப் பரிசோதனைக் கூடங்களில். உங்கள் தொழிலையே வைத்துச் சொல்கிறேன். ஈரத்தில் வைத்த நிலக்கடலையில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு சேரும்; வறுத்தாலும் முழுக்கப் போகாது. அப்படியே தின்னும் கடலைக்கு ஐரோப்பிய நாடுகள் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு மொத்தம் 4 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் நான்கு பங்கு. இதை அளந்து கையெழுத்துப் போட ஆள் வேண்டும். வெல்லம் பளபளப்பாக இருக்க ஹைட்ரோஸ் என்ற வெளுக்கவைக்கும் ரசாயனம் போட்டார்களா என்று பார்க்க ஆள் வேண்டும். கருப்பட்டியில் சீனி கலந்தால் நாக்கு ஏமாந்துபோகும். ஆனால் கரும்பும் பனையும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு. கரும்புச் சீனியில் கார்பன்-13 என்ற கனமான அணு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கருவியில் வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, உங்கள் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல். பெயருக்குக் காவல் கிடைத்தாயிற்று. சரக்கு அசல்தானா என்று சொல்ல நம் ஊர்ப் பிள்ளைகள் இன்னும் நிறையப் பேர் தேவைப்படுகிறார்கள்.

பிஸ்கட், சாக்லேட், பானம் செய்யும் கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டு வேலையும் உண்டு. ஆரம்பச் சம்பளம் கம்ப்யூட்டர் வேலையைப் போல இருக்காது, ஷிப்டும் இருக்கும். பக்கத்து வீட்டுப் பையன் பெங்களூரில் வாங்குவதோடு ஒப்பிட்டு முதல் மூன்று வருஷம் அவளைக் குத்திக்காட்டிவிடாதீர்கள்.

அப்புறம், அவள் திரும்பி வந்து உங்கள் தொழிலையே எடுத்தால்? அதைத் தோல்வி என்று நீங்கள் நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வெக்கையில் நின்று உங்கள் கை காய்த்துப்போனது எனக்குத் தெரியும். அந்த வெக்கை அவளுக்கு வேண்டாம் என்பது நியாயம். ஆனால் மழைக்காலத்தில் திரும்பி வரும் சரக்கை நிறுத்தத் தெரிந்தவள் வெக்கையில் நிற்க வேண்டியதில்லை.

ஆசை உண்மையா, பத்தாம் வகுப்பு முடிந்த உற்சாகமா என்று நீங்கள் கேட்டீர்கள். பார்த்துவிடலாம். 200 டிகிரி வரை காட்டும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று, காற்றின் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொடுங்கள். தினம் ஒரு கொப்பரைக்கு, மாஸ்டர் இறக்கச் சொல்லும் நேரத்தில், மாஸ்டர் கையாலேயே அளந்து சூட்டை அவள் எழுதட்டும். கொதிக்கும் பாகு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், அவள் தள்ளியே நிற்கட்டும். அன்றைய ஈரப்பதத்தையும் எழுதட்டும். ஒவ்வொரு நாள் சரக்கிலும் இரண்டு வில்லையைத் தேதி போட்டு எடுத்து வைத்து, பத்தாம் நாள் ஒடித்துப் பார்த்து அதையும் எழுதட்டும். ஒரு வாரத்தில் அலுத்து நோட்டு மூலையில் கிடந்தால், அவள் மேல் கோபப்படாமல் வேறு படிப்பைப் பேசலாம். ஒரு மாதம் விடாமல் எழுதினால் அந்த நோட்டையும் அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பதினோராம் வகுப்பு சேர்க்கைக்கு ஒரு வாரம் முன்னால் வந்தால் போதும். இந்தத் தடவை காலையிலேயே வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.