காரணி தெரியாமலே ஒரு பெரிய எண்ணைப் பகு எண் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

மாட்டுத்தாவணி பூச்சந்தையில் பழகியவர்கள் ஒரு கை மல்லியை அள்ளி மோந்து பார்த்தே 'நேற்றைய பூ கலந்திருக்கு' என்பார்கள். எந்தெந்தப் பூ என்று பொறுக்குவது தனி வேலை. இதுவும் அப்படித்தான். பகு எண் என்றால் சிறிய எண்களின் (அவைதான் காரணிகள்) பெருக்கலாகப் பிரியும் எண். அப்படிப் பிரியாதது பகா எண்.

பெர்மா விதியைப் பாருங்கள். ஒற்றைப்படைப் பகா எண் எதை எடுத்தாலும், அதைவிட ஒன்று குறைவான தடவை 2-ஐப் பெருக்கி அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 15-க்குப் பதினான்கு 2-களைப் பெருக்கினால் 16384, மீதி 4. சரி, 15 பகா எண் இல்லை. காரணிகளான 3, 5 பக்கம் நாம் போகவே இல்லை!

ஆனால் மீதி 1 வந்துவிட்டால் நம்பிவிடாதீர்கள். 341 என்பது 11 × 31. அதுவும் இந்தச் சோதனையில் தப்பிவிடும். அறுபத்தேழு 2-களைப் பெருக்கி 1 கழித்தால் வரும் 147573952589676412927-ம் அப்படியே தப்பும். 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சு அறிஞர் இதைப் பகா எண் பட்டியலில் சேர்த்திருந்தார். 1876-இல் லூக்கா என்ற கணித அறிஞர் வேறொரு சோதனையால் பகு எண் என்று காட்டினார், காரணி இல்லாமலே.

1903-இல்தான் கோல் என்பவர் கரும்பலகையில் 193707721 × 761838257287 என்று பெருக்கிக் காட்டினார். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாம்.