ஆப்பிள் தோட்டத்தில் அடுப்பு மூட்டலாமா? (வாசகர் கேள்வி - பதில்)

மே மாதம் சிம்லா போகிறோம், மாமியாரோடு சேர்த்து ஆறு பேர். அவருக்கு எழுபது வயது, வெளிச்சாப்பாடு ஆகாது. தானேதார் பக்கம் ஆப்பிள் தோட்டத்துக்குள் தனி வீடு வாடகைக்குக் கிடைக்கிறது, நாமே சமைத்துக்கொள்ளலாம் என்கிறான் மகன். சரிப்பட்டு வருமா?
- வாசகி, ஈரோடு

வரும். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் படிக்கட்டைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள். கோட்கர், தானேதார் பக்கத்துத் தோட்டங்கள் சட்லஜ் பள்ளத்தாக்கைப் பார்த்துச் சரிந்து இறங்குபவை. பல இடங்களில் கார் மேலே ரோட்டோடு நின்றுவிடும், வீடு கீழே மரங்களுக்கு நடுவில் இருக்கும், படத்தில் அது அழகாகத் தெரியும், மாமியாரின் முட்டிக்குத்தான் மற்றது தெரியும். கார் வாசல் வரை வருமா, வராவிட்டால் எத்தனை படி என்று நேராகவே கேளுங்கள். மாநிலச் சுற்றுலாத் துறையில் பதிவான வீடுதானா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் குக்கர். அந்த ஊர்கள் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் சூடு ஏறாது. திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பு போட்டால் அது வேகும் வேகும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டியதுதான். சமையலறை உண்டு என்று எழுதியிருப்பார்கள், உள்ளே போனால் ஒரு கெட்டிலும் நாலு தட்டும் இருக்கும். அதனால் அடுப்பில் எத்தனை பர்னர், குக்கர் எத்தனை லிட்டர், கேஸ்கட் நன்றாக இருக்கிறதா, உபரி சிலிண்டர் உண்டா என்று கேட்டு, பதிலுக்குப் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். ஆறு பேருக்கு ஐந்து லிட்டர் குக்கராவது வேண்டும், பருப்புக்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று விசில் கூட விடுங்கள்.

இட்லியை மறந்துவிடுங்கள். மே மாத இரவுக் குளிரிலும் மாவு புளிக்காமல் அப்படியே கிடக்கும். அடை, ரவா உப்புமா, வெண்பொங்கல் மூன்றுக்கும் புளிப்பு தேவையில்லை, அந்தக் குளிருக்குப் பொங்கலைப்போல் எதுவும் இல்லை. சாம்பார்ப் பொடி, புளி, பெருங்காயம், புழுங்கல் அரிசி, கறிவேப்பிலை இவை கையில் இருக்கட்டும். பால், உருளை, கோஸ், பட்டாணி எல்லாம் அங்கேயே கிடைக்கும். ஆனால் தோட்டத்துக்குப் பக்கத்துக் கடைகள் சின்னவை, சீக்கிரமே மூடிவிடுவார்கள், காய்கறியை வழியில் நார்கண்டா பஜாரிலேயே வாங்கிவிடுங்கள். விமானத்தில் போவதாக இருந்தால் ஒன்று: கொப்பரைத் தேங்காயைப் பெட்டியில் வைக்காதீர்கள், எண்ணெய்ச் சத்தால் தீப்பிடிக்கும் பொருள் என்று எடுத்து வைத்துவிடுவார்கள்.

ஒரு வேளையாவது வீட்டுக்காரர்களிடம் சொல்லி 'சித்து' செய்து தரச் சொல்லுங்கள். கோதுமை மாவுக்குள் கசகசா அல்லது வால்நட் பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்து, மேலே நெய்யை ஊற்றித் தருவார்கள். நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை. மாமியார் இதற்கு மட்டும் விதிவிலக்கு தருவார் என்று நினைக்கிறேன்.

மரம் நிறைய ஆப்பிள் தொங்குவதைப் பார்க்க வேண்டும். எப்போது போகலாம்?
- வாசகர், தஞ்சாவூர்

ஆகஸ்ட், செப்டம்பர். ஆனால் ஆகஸ்ட்டில் மழையும் உச்சத்தில் இருக்கும், மண் சரிந்து ரோடு அடைபடும். 2023 மழையில் இமாச்சல் பட்ட பாட்டைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மழை ஓயும் செப்டம்பர் கடைசி வாரம் என் தேர்வு, மேட்டுத் தோட்டங்களில் அப்போதும் காய் இருக்கும். சிம்லாவிலிருந்து தானேதார் சுமார் 80 கிலோமீட்டர், சாதாரண நாளில் மூன்று மணி நேரம். ஆப்பிள் லாரிகள் வரிசைகட்டும் பருவத்தில் அந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஆலங்கட்டிக்குப் பயந்து நிறையத் தோட்டங்களில் மரங்களுக்கு மேலே வலை கட்டியிருப்பார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் மலையே போர்வை போர்த்தியது மாதிரி இருக்கும். வெறும் மரத்தைப் படம் பிடிக்கப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். பூ பார்க்க ஏப்ரல் நல்லது. மகரந்தச் சேர்க்கைக்காகத் தேனீப் பெட்டிகளை வாடகைக்குக் கொண்டுவந்து மரத்தடியில் வைத்திருப்பார்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். மே கடைசியிலும் ஜூனிலும் போனால் ஆப்பிள் பிஞ்சாக இருக்கும், பதிலுக்குச் செர்ரி பழுத்திருக்கும்.

ஆப்பிளுக்காக அவ்வளவு தூரமா? நம் கொடைக்கானல் இல்லையா?
- வாசகர், திண்டுக்கல்

உங்கள் ஊர்ப் பாசம் புரிகிறது ஐயா. கொடைக்கானலின் பேரிக்காயும் பிளம்ஸும் எனக்கும் பிடிக்கும். ஆனால் சிம்லா பக்கம் விளையும் 'டெலிசியஸ்' என்ற சிவப்பு ஆப்பிள் வகைக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரமாவது வேண்டும், அப்போதுதான் மொட்டு தூக்கம் கலைந்து ஒழுங்காகப் பூக்கும். பழனி மலையில் அவ்வளவு குளிர் இல்லை. தோட்ட வீட்டில் தங்குவதுதான் ஆசை என்றால் கொடைக்கானலே போதும், கொப்பரையும் கொண்டுபோகலாம்.

கோட்கர், தானேதார் பக்கத்துக்கு ஆப்பிளைக் கொண்டுவந்தவர் ஓர் அமெரிக்கர் என்கிறார்களே?
- வாசகி, நாகர்கோவில்

சாமுவேல் எவன்ஸ் ஸ்டோக்ஸ். பிலடெல்பியாவில் வசதியான வீட்டுப் பிள்ளை, 1904-ல் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய இந்தியா வந்தவர் இங்கேயே தங்கி, கோட்கர் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். 1916 வாக்கில் அமெரிக்காவிலிருந்து டெலிசியஸ் கன்றுகளை வரவழைத்து நட்டார். ஆப்பிள் அதற்கு முன்பே குலுவில் வெள்ளைக்காரர்கள் தோட்டத்தில் இருந்தது, இனிப்பான வகை இந்த மலைக்காரர்களின் பிழைப்பாக மாறியது இவரால்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு: மலைவாசிகளைச் சுமை தூக்க வைத்த கூலியில்லா வேலையை எதிர்த்து நின்றார், காங்கிரஸில் சேர்ந்தார், 1921 டிசம்பரில் கைதாகி ஆறு மாதம் சிறையில் இருந்தார். 1932-ல் இந்துவாகிச் சத்யானந்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். தானேதாரில் அவர் கட்டிய கோயிலை அவசியம் பாருங்கள், உள்ளே மரத்தில் கீதை, உபநிடத வரிகளைச் செதுக்கியிருக்கிறார்கள்.

தோட்டத்திலேயே தங்குகிறோம், இரண்டு பழம் பறித்தால் தப்பா?
- வாசகர், சேலம்

கேட்டுப் பறித்தால் தப்பில்லை. ஆனால் பறிக்கும் விதம் இருக்கிறது. பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளங்கையில் பழத்தை ஏந்தி, மேல்நோக்கித் தூக்கி லேசாகத் திருக வேண்டும், முற்றிய பழமானால் காம்போடு கையில் வந்துவிடும். இழுத்தால் காம்பு போகும், காம்பில்லாத பழத்துக்கு மண்டியில் விலை குறைவு, கூடவே அடுத்த வருஷம் காய்க்க வேண்டிய குட்டைக் கிளையும் ஒடிந்து வரும். மருந்து அடித்த மரமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள், அடிக்கும் நாளில் பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கட்டும். சாப்பாட்டு மிச்சத்தை வெளியே கொட்டாதீர்கள், குரங்கு வரும், ஆப்பிள் பருவத்தில் கரடியே வரும்.

டிசம்பரில் பனி பார்க்கப் போனால்?
- வாசகர், மதுரை

குழாயில் தண்ணீர் உறையும், சிலிண்டரில் அழுத்தம் இறங்கி அடுப்பு சோம்பும். புகைபோக்கி வைத்த இரும்பு அடுப்பு உள்ள வீடாகப் பாருங்கள், விறகுக்குத் தனிக் காசா என்று கேளுங்கள். கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம், குளிர்காலந்தோறும் அப்படி உயிர் போகிறது.

வரும்போது ஒரு பெட்டி ஆப்பிள் வாங்கி வரலாமா?
- வாசகி, கோவை

ரயிலானால் தாராளமாக. பெட்டி சுமார் 20 கிலோ இருக்கும், உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான் இலவசம், அதில் உங்கள் துணிமணியும் அடக்கம். அரைப் பெட்டி கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் வீட்டுக்காரரிடமே பார்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.