பியானோ வாசிக்கும்போது மூச்சு: கேள்வி பதில்

கேள்வி: வேகமான இடம் வந்தாலே மூச்சை அடக்கிவிடுகிறேன். வாசித்து முடித்த பிறகுதான் தெரிகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் எங்கே அடக்குகிறீர்கள் என்று கண்டுபிடியுங்கள். அந்த இடத்தைப் பாதி வேகத்தில், "ஸ்ஸ்ஸ்" என்று காற்றை விட்டுக்கொண்டே வாசித்துப் பாருங்கள். சத்தம் எந்த நோட்டில் நிற்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு குறி. பெரும்பாலும் அது கஷ்டமான நோட்டாக இருக்காது. அதற்குச் சற்று முன்னால், கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் நுழையும் இடமாகவோ கை தாவத் தயாராகும் இடமாகவோ இருக்கும். எந்த விரல் என்று முடிவாகாமல் தடுமாறும் இடத்தில்தான் உடம்பு மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. ஃபிங்கரிங்கை, அதாவது எந்த நோட்டுக்கு எந்த விரல் என்பதைச் சரிசெய்யுங்கள், மூச்சு அநேகமாகத் தானே வழிக்கு வரும்.

கேள்வி: அடக்கினால்தான் என்ன? வாசிப்பது விரல்தானே?

பதில்: விரலுக்குப் பின்னால் கையும் தோளும் இருக்கின்றனவே! மூச்சு நின்றால் கழுத்தும் தோளும் இறுகும், மணிக்கட்டு விறைக்கும், ஓசையும் முரடாகும். மேல்மார்பால் மட்டும் மூச்சு வாங்கினாலும் இதே கதிதான், தோள் கூடவே ஏறும். அடிவிலாவும் வயிறும் விரியட்டும். கூன் போட்டு உட்கார்ந்தால் அதற்கு இடமே இல்லை.

கேள்வி: ஒவ்வொரு ஃபிரேஸுக்கும் (இசையில் ஒரு வாக்கியம் போன்ற பகுதி) ஒரு மூச்சு என்று திட்டமிட்டுக்கொள்ளலாமா?

பதில்: மெதுவான மெலடிக்கு நல்ல பயிற்சி. ஃபிரேஸுக்கு முன் வாங்கி, பாடுவதுபோல விட்டுக்கொண்டே போங்கள். ஆனால் எல்லா இடத்திலும் பிடிவாதம் பிடித்தால் பழையபடி அடக்குவதில்தான் போய் நிற்கும். பியானோ ஊதுகிற வாத்தியமா என்ன? நடுவில் தாராளமாக வாங்கலாம். இன்னொருவருடன் சேர்ந்து வாசிக்கும்போது மட்டும் கட்டாயம் திட்டமிடுங்கள்: தொடங்குவதற்கு ஒரு பீட் முன்னால், அந்தப் பாட்டின் வேகத்திலேயே வாங்கும் மூச்சுதான் சைகை.

கேள்வி: ரெக்கார்டிங்கில் என் மூச்சுச் சத்தம் கேட்கிறது.

பதில்: கேட்கட்டும். பியானோ கலைஞர் கிளென் கூல்டின் பதிவுகளில் அவர் முணுமுணுப்பதே கேட்கும். மைக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

கேள்வி: மேடை ஏறும் முன் ஆழமாக மூச்சு இழுத்தால் விரல்நுனி மரத்துப்போகிறது. ஏன்?

பதில்: அடுத்தடுத்து ஆழமாக இழுத்து விடுவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடுகிறது. அதனால் விரல் மதமதக்கும், தலையும் சுற்றும். இழுப்பதைச் சாதாரணமாக விட்டுவிட்டு, வெளிவிடுவதை மட்டும் நீட்டுங்கள். 4 எண்ணி வாங்கினால் 6 எண்ணி விடலாம். சும்மா இருக்கும்போதும் மரத்துப்போகிறது என்றால் அது மூச்சு விஷயம் இல்லாமலும் இருக்கலாம், டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.